எழுதாத ஆசையை அடிக்கவும் முடியாது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியை வழிநடத்தும் பேராசிரியர் அவர்களே, அவர் பக்கம் அமர்ந்திருக்கும் தம்பிகளே, என் அணித் தோழர்களே, வேலை முடிந்த களைப்போடு தக்கலையிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் பேருந்து பிடித்து நாகர்கோவிலுக்கு வந்து இந்த நூலக அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வாழ்நாள் ஆசைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்ற முயல்வது வாழ்வை வளமாக்குகிறதா, வறளச் செய்கிறதா என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. வளமாக்குகிறது என்று வாதிட வந்திருக்கிறேன். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 1996ஆம் ஆண்டு ஒரு குயர் நோட்டில் நூறு வரிகள் எழுதினேன். அந்த நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. அதில் 64 வரிகள் நிறைவேறியிருக்கின்றன, 25 வரிகள் காத்திருக்கின்றன, 11 வரிகளை நானே அடித்துவிட்டேன். அந்தப் பதினொன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனெனில் என் வாதத்தின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

பேராசிரியர் மூன்று குற்றங்களைச் சுமத்தினார். பட்டியல் மனிதனை ஓட வைக்கிறது, ஓடுகிறவன் எதையும் பார்ப்பதில்லை என்றார். முடியாமல் போகும் பட்டியல் சாகும் வேளையில் குறையாக நெஞ்சில் நிற்கும் என்றார். இவையெல்லாம் காசும் நேரமும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்திற்குப் பால்வெட்டப் போகிறவருக்குப் பட்டியல் எதற்கு என்று கடைசியாகக் கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் அரங்கில் கைதட்டல் மிகுதியாக எழுந்தது. கைதட்டியவர்கள் தங்கள் வாழ்க்கையை நினைத்துத் தட்டினார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே தர விரும்புகிறேன்.

ஓட்டத்தைப் பற்றி நம் மாவட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மகாசிவராத்திரிக்கு முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று பன்னிரண்டு சிவாலயங்களைத் தொட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் கால்நடையாகக் கடந்து, திருநட்டாலத்தில் முடிக்கிற சிவாலய ஓட்டம் நம்முடையது. கையில் பனையோலை விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கிக்கொண்டு ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் சாலை ஏறுகிறது, எந்தக் குளத்துத் தண்ணீர் நள்ளிரவிலும் வெதுவெதுப்பாக இருக்கிறது, எந்த வீட்டு வாசலில் சுக்குநீர் கிடைக்கிறது என்று அவர்கள் சொல்வதைப் போல, அதே சாலையில் அன்றாடம் காரில் போகிறவரால் சொல்ல முடியாது. பன்னிரண்டு என்ற கணக்கும் இன்னதற்குப் பின் இன்னது என்ற வரிசையும் இருப்பதால்தான் அந்த இரவு முழுவதும் அவர்கள் கண் விழித்திருக்கிறது.

பட்டியல் அவசரப்படுத்தும் என்பதும் என் அனுபவத்தில் பொய்யாகவே இருக்கிறது. என் நோட்டில் 23ஆம் வரி, சித்திரா பௌர்ணமி மாலையில் குமரிமுனையில் நின்று மேற்கே சூரியன் மறைவதையும் கிழக்கே முழுநிலா எழுவதையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்பது. ஆண்டுக்கு ஒரே ஒரு மாலை. முதல் ஆண்டு மேற்கே மேகம், இரண்டாம் ஆண்டு கிழக்கே மேகம், மூன்றாம் ஆண்டு நல்ல மழை. ஏழாவது முறைதான் கண்டேன். அந்த ஏழு ஆண்டுகளில் கடலின் நிறம் மாறுவதையும், மாலையில் சங்குமாலை விற்கும் பெண்கள் கடையை ஏறக்கட்டும் வரிசையையும், எந்தப் பக்கத்துக் காற்று மேகத்தைக் கொண்டுவரும் என்பதையும் கற்றுக்கொண்டேன். அந்த வரியை எழுதியிராவிட்டால், முதல் ஆண்டு மேகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவள் மறுபடி போயிருக்க மாட்டேன்.

அடுத்து, முடியாமல் போகிற பட்டியல். அமெரிக்காவில் ஜான் கோடார்ட் என்ற பதினைந்து வயதுச் சிறுவன் 1940ஆம் ஆண்டில் உட்கார்ந்து 127 ஆசைகளை எழுதினான். வளர்ந்த பின் இரண்டு துணைவர்களோடு சிறு படகுகளில் நைல் நதியின் நீளம் முழுவதையும் கடந்தார். அந்த 127இல் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நிறைவேற்றினார். எவரெஸ்ட் சிகரம் அவருக்கு வாய்க்கவில்லை, நிலவும் வாய்க்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டைப் பார்க்கும் வரை வாழ வேண்டும் என்பதும் அந்தச் சிறுவன் எழுதிய வரிகளில் ஒன்று. அவர் 2013இல்தான் இறந்தார். நைல் நதியைக் கடந்தவனை எவரெஸ்ட் ஏறாதவன் என்று அழைப்பது நியாயமா என்று பேராசிரியரைக் கேட்கிறேன்.

ஆனால் இதைவிட முக்கியமானது, நான் அடித்துவிட்ட பதினொரு வரிகள். 1996இல் எழுதியபோது எட்டாம் வரியாக ‘மாடி வீடு’ என்று எழுதியிருந்தேன். ஆண்டுதோறும் பொங்கலுக்கு மறுநாள் நோட்டை எடுத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரி என்னைத் துன்புறுத்தியது. அதற்காகக் கடன் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். ஐந்தாவது ஆண்டு அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மாடி ஏறி என்ன செய்யப் போகிறேன் என்ற கேள்வி வந்தது. பதில் கிடைக்கவில்லை. நான் நோட்டை எழுதிய ஆண்டில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு மாடி கட்டினார்கள், அதனால் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு கோடு போட்டு அடித்தேன். அன்று இரவு எனக்கு வந்த உறக்கத்தைப் போல, நிறைவேற்றிய பல வரிகளுக்குப் பின்னும் வந்ததில்லை.

நடுவர் அவர்களே, ஆசை நம்மை அடிமையாக்கும் என்று எதிரணி அஞ்சுகிறது. அந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் எழுதி வைத்த ஆசையைத்தான் எதிரே வைத்து, நீ என்னுடையவளா, அடுத்த வீட்டுக்காரியுடையவளா என்று விசாரிக்க முடியும். எழுதாத ஆசைக்கு முகமில்லை. அதை நிறைவேற்றவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அது காரணம் தெரியாத எரிச்சலாக வீட்டுக்குள் இருந்து, மருமகள் மீதும் பேரப்பிள்ளைகள் மீதும் விழும். பல முதியவர்களின் கசப்பை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆசையோடு நேரத்தையும் இடத்தையும் குறித்து வைப்பதன் பயனுக்கு ஆய்வும் துணை நிற்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களில் இதை ஆராய்ந்து, ‘இதைச் செய்வேன்’ என்று மட்டும் எண்ணுகிறவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்கிறவர்களே அதைச் செய்து முடிப்பது மிகுதி என்று காட்டினார். 31ஆம் வரியில் இதை நான் கண்டேன். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள்; எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருந்தன, எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. ‘மலையாளம் படிக்க வேண்டும்’ என்று எழுதிய வரி எட்டு ஆண்டுகள் அசையவே இல்லை. அதன் கீழே ‘சனிக்கிழமை மாலை நான்கு மணி, களியக்காவிளை டீச்சர் வீடு’ என்று எழுதிய பிறகு ஒரே ஆண்டில் படித்துவிட்டேன். பலா மரம் நிற்கும் பத்து சென்ட் நிலத்தைத் தாத்தா வாங்கினார் என்றே எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். பத்திரத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தபோது, வாங்கியவர் பெயராக என் பாட்டியின் பெயர் இருந்தது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

என் தாயார் முந்திரி ஆலையில் பருப்பு உடைத்தவர். அண்டி ஆபீஸ் என்றால்தான் நம் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன அவருடைய விரல்களை, ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பல் போட்டு எத்தனை தேய்த்தாலும் வெளுத்து நான் பார்த்ததில்லை. நான்கு பிள்ளைகளை அந்த விரல்களால் படிக்க வைத்தார். 1995இல் அவர் இறந்து, பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, நாங்கள் நான்கு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அம்மாவுக்கு என்ன ஆசை இருந்தது என்று என் தம்பி கேட்டான். நான்கு பேருக்கும் தெரியவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அவருக்குப் பிடிக்கும் என்றோம். அது எங்களுக்குப் பிடித்தது, அவர் சமைத்துப் போட்டது. அப்போது உள்ளேயிருந்து வந்த எங்கள் சித்தி சொன்னார்: “அக்கா அந்தத் தொட்டிப்பாலத்துல ஒருக்கா நடக்கணும்ணு சொல்லிட்டே இருப்பா.”

மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் மேலே, 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் நின்று, ஒரு மலையிலிருந்து மறுமலைக்கு வாய்க்கால் தண்ணீரைச் சுமந்து செல்லும் பாலம். எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்து நடந்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். அதற்குக் காசு வேண்டியதில்லை என்றே சொல்லலாம். ஒரு மாலைப்பொழுது போதும். அந்த ஒரு மாலைப்பொழுது அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தோன்றுவதற்கு எங்களுக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. அடுத்த மாதம் நாங்கள் நான்கு பேரும் சித்தியும் போய், இக்கரையிலிருந்து அக்கரை வரை நடந்தோம். கீழே தென்னந்தலைகள் தெரிந்தன. யாரும் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து நான் நோட்டை எடுத்தபோது, முதல் வரியாக அதைத்தான் எழுதி, எழுதிய கையோடு நிறைவேறியது என்று குறியிட்டேன்.

ஏழைக்குப் பட்டியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: காசுள்ளவர் எழுதாவிட்டாலும் அவருடைய ஆசைகளைச் சுற்றியிருப்பவர்கள் விசாரித்து நிறைவேற்றிவிடுவார்கள். என் தாயாரைப் போன்றவர்களின் ஆசை எழுதப்படாவிட்டால் அவரோடு சேர்ந்து மறைந்துவிடும். எழுதும் தேவை அவர்களுக்குத்தான் அதிகம்.

தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். போனால் திரும்ப ஒரு மாதத்திற்கு மேலாகும். அவருடைய பட்டியலில் ஐந்தே வரிகள், அவையும் கைபேசியில். முதல் வரி, மகளின் பிறந்தநாளன்று ஒருமுறையாவது கரையில் இருக்க வேண்டும் என்பது. மகளுக்கு ஒன்பது வயது ஆகும் வரை அது நடக்கவில்லை. எழுதிய பிறகு, அந்தத் தேதியைப் படகில் உடன்வரும் அனைவரிடமும் ஆறு மாதம் முன்பே சொல்லி வைத்தார். பத்தாவது பிறந்தநாளுக்கு வீட்டில் இருந்தார். கடலை நம்பிப் பிழைப்பவனுக்கு நாளை என்பதே நிச்சயமில்லை என்று எதிரணித் தம்பி உருக்கமாகச் சொன்னார். நிச்சயமில்லாததால்தான் அவர் எழுதி வைத்தார்.

என் தாயாரோடு ஒரே பலகையில் உட்கார்ந்து பருப்பு உடைத்த அம்மையார் ஒருவர், 78 வயதானவர், எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார். சென்ற ஓணத்திற்கு அவரைப் பார்க்கப் போனபோது இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, எனக்கும் எழுது மக்களே என்றார். ஏழு வரிகள் சொன்னார், நான் எழுதினேன். முதல் வரி என்ன தெரியுமா? யாரும் கூட வராமல் ஓட்டலுக்குப் போய், தன் காசில் ஒரு மசாலா தோசை சாப்பிட வேண்டும். இத்தனை ஆண்டுகளில் ஓட்டலில் சாப்பிட்டதெல்லாம் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததில் மிஞ்சியதுதானாம். போன மாதம் மார்த்தாண்டத்தில் அவர் உள்ளே போனார். நான் பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, சட்னி இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன் என்று சொன்னார்.

அவருடைய இரண்டாவது வரி, திற்பரப்பு அருவியில் தலை நனையக் குளிப்பது. வரும் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிப் பேருந்து என்று அந்த வரியின் கீழே எழுதியிருக்கிறோம். நடுவர் அவர்களே, தலைப்பின் மீது தங்கள் தீர்ப்பைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.