பிளாஸ்டிக் மல்லிகைக்கும் தும்மல் வருமா?

[காட்சி: பினாங்கு லிட்டில் இந்தியா. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம், பூச்சரங்கள்]

என் சின்னம்மாவுக்கு மல்லிகை ஆகாது. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டு வாசலில் தொங்கிய சரத்தைப் பார்த்ததுமே நாலு தும்மல், மூக்கில் தண்ணீர். தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக்!

"நடிக்காதடி" என்று அம்மா சிரித்தார். நடிப்பில்லை அம்மா.

[காட்சி: காகித ரோஜா]

1886இல் பால்டிமோர் மருத்துவர் ஜான் மெக்கன்சி இதையே எழுதி வைத்திருக்கிறார். ரோஜா ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணின் முன் செயற்கை ரோஜாவை நீட்டினார். அந்தப் பெண்ணுக்குத் தும்மல் வந்தது, மூக்கும் அடைத்துக்கொண்டது.

சரி, பூவே இல்லாமல் எப்படி? தோலிலும் மூக்கின் உள்சவ்விலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை வயிறு முட்ட வைத்துக்கொண்டு காத்திருக்கும் செல்கள். வழக்கமாக மகரந்தம் போன்ற ஒன்று வந்து தொட்டால்தான் அதைக் கொட்டும். ஆனால் பக்கத்திலேயே நரம்பு நுனிகளும் இருக்கின்றன. மூளையின் பேச்சு அந்த வழியாகவும் போய்ச் சேரலாம்.

பாவ்லோவின் நாய் ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டோடு சத்தத்தையும் சேர்த்துப் பழக்கியதால், சத்தம் கேட்டாலே எச்சில் ஊறிய நாய். 1984இல் கினிப்பன்றிகளுக்கு ஒவ்வாத புரதத்தோடு ஒரு வாசனையையும் சேர்த்தே பழக்கினார்கள். பிறகு வாசனை மட்டும் வந்தபோதும் ரத்தத்தில் ஹிஸ்டமின் ஏறியது. 1989இல் எலிகளுக்கு வெளிச்சமும் சத்தமும். அவற்றின் மாஸ்ட் செல்களும் ஏமாந்தன.

எனக்கு இன்னும் பிடித்தது இதன் மறுபக்கம். 2008இல் ஜெர்மனியில், தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு (நம் ஊர்ப் புழுக்கத்தில் தலையணைக்குள் குடியிருக்கும் அதே பூச்சிதான்) அலர்ஜி மாத்திரையோடு புதுச் சுவையுள்ள ஒரு பானமும் 5 நாள் கொடுத்தார்கள். சில நாள் இடைவெளிக்கு அப்புறம் அதே பானம், ஆனால் மாத்திரை போலி. ரத்தத்தில் இருக்கும் பேசோபில் என்ற ஒவ்வாமை செல்களின் துள்ளல் அடங்கியது. அதே போலி மாத்திரையைப் பானத்துக்குப் பதில் தண்ணீரோடு குடித்தவர்களுக்கும் தொல்லை குறைந்தது, ஆனால் பேசோபிலின் துள்ளல் அடங்கவில்லை. அதாவது, உடம்பு பாடம் படித்தது அந்தச் சுவையிடம்தான்.

ஒன்று மட்டும். இறால், கச்சானில் மூச்சுத் திணறுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு "எல்லாம் பழக்கம்தான்" என்று வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே ஒவ்வாமை நிஜம், ஆபத்தும் நிஜம்.

[காட்சி: வீட்டு வாசல், அதே சரம்]

பிளாஸ்டிக் என்று தெரிந்த பிறகும் சின்னம்மா அதன் அடியில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வருகிறார்.