பலிபீடத்துக்குக் கீழே கரடி எலும்பு

எல்லோருக்கும் வணக்கம்.

சுவீடனில் ஒரு பெரிய ஏரிக்கு நடுவில் ஃப்ரோசோ என்று ஒரு தீவு இருக்கிறது. ஃப்ரே என்ற பழைய தெய்வத்தின் தீவு என்பது அந்தப் பெயருக்குப் பொருள். 1984இல் அங்கே இருக்கிற பழைய சர்ச்சின் தரையைத் தோண்டிப் பார்த்தபோது, பலிபீடம் இருக்கும் பகுதிக்கு நேர் கீழே ஒரு பிர்ச் மரத்தின் அடிக்கட்டை வந்தது. கட்டையைச் சுற்றிலும் எலும்புகள். ஆடு, மாடு, பன்றி, எல்க் மான், அப்புறம் கரடி. கரடி மட்டுமே குறைந்தது 5. மற்ற விலங்குகளில் பெரும்பாலும் தலை எலும்புகள்தான் கிடைத்தன, கரடிகளையோ முழு உடம்பாகவே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

அதே தீவில் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றும் நிற்கிறது. குட்ஃபாஸ்ட் மகன் ஆஸ்ட்மன் இந்தக் கல்லை நிறுத்தினான், பாலம் கட்டினான், தீவு இருக்கிற யெம்ட்லண்ட் வட்டாரத்தையே கிறிஸ்தவமாக்கினான் என்று சொல்கிறது. ஒரு வட்டாரத்தின் மதமாற்றமே ஒரு வரியில் முடிந்துவிட்டது! ஆனால் அந்த மரத்தடிக்கு விலங்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், மரம் விழுந்தபிறகு அதே இடத்துக்குக் கும்பிட வந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகள், இவர்களைப் பற்றி அந்தக் கல்லில் ஒன்றும் இல்லை. எலும்பில் இருக்கிறது. நான் விலங்கெலும்பு ஆய்வைப் பற்றிப் பேச வந்ததே அதற்காகத்தான். இடைக்கால ஐரோப்பாவின் தொடக்கத்தில் எழுதத் தெரிந்தவர்கள் அநேகமாகப் பாதிரிமார்தான், அவர்கள் எழுதியதை மட்டும் வைத்து மதம் மாறிய கதையைச் சொன்னால் மாறியவர்களின் கதை விட்டுப்போகும்.

குதிரைக் கறியை எடுத்துக்கொள்ளுங்கள். 732 வாக்கில் போப் மூன்றாம் கிரெகோரி, ஜெர்மானியரிடையே ஊழியம் செய்த போனிஃபஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சிலர் காட்டுக் குதிரையைத் தின்கிறார்கள், பலர் வீட்டுக் குதிரையையே தின்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர், இனி அதற்கு இடம் கொடுக்காதீர் என்பது சாரம். சரி, கடிதம் போனது, ஜனங்கள் நிறுத்தினார்களா? இதற்குப் பதில் சமையலறைக் குப்பைக்குழியில் இருக்கிறது. நீங்கள் கறிக்கடையில் பார்த்திருப்பீர்கள், மூட்டைப் பிரிக்கும்போது கத்தி எலும்பில் பட்டு மெல்லிய கீறல் விழும். அந்தக் கீறல் ஆயிரம் வருஷமானாலும் அழிவதில்லை. செத்த குதிரையை அப்படியே புதைத்திருந்தால் கீறல் இருக்காது. இங்கிலாந்தில் கிறிஸ்தவம் வேரூன்றி நூறு, இருநூறு வருஷம் கழித்தும் வெட்டுத்தழும்போடு குதிரை எலும்பு கிடைக்கிறது. ஐஸ்லாந்தில் 1000 வாக்கில் சட்டசபை கூடி எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று முடிவெடுத்தபோது, குதிரைக் கறி தின்னப் பழைய சட்டமே செல்லும் என்று சலுகை கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

எல்லா எலும்புக்கும் மதத்தைக் காரணம் சொல்லிவிடக் கூடாது, இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். 1000ஐ ஒட்டி இங்கிலாந்தில் கடல்மீன் எலும்பு, குறிப்பாக ஹெர்ரிங், காட் மீன்களுடையது, திடீரென்று கூடுகிறது. விரத நாளில் கறி கூடாது, மீன் தின்னலாம் என்ற திருச்சபை வழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே காலத்தில்தான் நகரங்கள் பெருகின, வியாபாரமும் வளர்ந்தது. இன்னொன்று, மண்ணைச் சல்லடையில் சலிக்காவிட்டால் ஊசி மாதிரி இருக்கிற ஹெர்ரிங் முள் கண்ணில் படவே படாது, அப்புறம் அந்த ஊரில் மீனே தின்னவில்லை என்று எழுதிவிடுவோம்.

என்னை மிகவும் பாதித்த இடம் வடக்கு ஐஸ்லாந்தில் இருக்கிற ஹோஃப்ஸ்தாதிர். 10ஆம் நூற்றாண்டில் கட்டிய மிக நீளமான ஒரு கூடம். அங்கே குறைந்தது 23 மாடுகளின் மண்டையோடுகள் கிடைத்தன. கேவின் லூகஸ், தாமஸ் மெக்கவர்ன் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் இருவரும் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஓங்கி ஓர் அடி, அதோடு கழுத்தில் கோடரி வெட்டு. வீட்டுக்குக் கறி வேண்டுமென்றால் யாரும் இப்படி அறுக்க மாட்டார்கள், ஏனென்றால் இரத்தம் பீய்ச்சி அடித்து வீணாகும். இது கூட்டம் பார்க்கச் செய்தது. மூளையை எடுக்க மண்டையைப் பிளப்பது அங்கே சாதாரண வழக்கம், இவற்றில் அதுவும் இல்லை. கொம்போடு அப்படியே விட்டிருக்கிறார்கள். வெளிப்பக்க எலும்பு வெயிலும் பனியும் பட்டு வெடித்திருக்கிறது. அதாவது வெளியே, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வருஷக்கணக்கில் மாட்டி வைத்திருந்திருக்கிறார்கள்.

11ஆம் நூற்றாண்டில் அந்தக் கூடத்தைக் கைவிட்டார்கள். சட்டசபை முடிவெடுத்து ஒரு தலைமுறை ஆகியிருக்கும். அப்போதுதான் மண்டையோடுகளைக் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். எரிக்கவில்லை, உடைக்கவில்லை, ஊர்க் குப்பையோடும் கலக்கவில்லை. அந்தக் கூடத்திலேயே ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றை இறக்கிய ஆள் ஞானஸ்நானம் வாங்கியவராகத்தான் இருந்திருப்பார். சின்ன வயதில் அந்த மாடுகளில் ஏதோ ஒன்று விழுந்ததைத் தன் அப்பா பக்கத்தில் நின்று பார்த்தவராகவும் இருந்திருக்கலாம்.