வில்லுக்கரையில் ஒரு முழுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் சிறுத்தை பார்க்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும், "யாலவுக்கா?" என்பதுதான் அடுத்த கேள்வி. தெற்கேயுள்ள யால தேசிய பூங்காவின் முதலாம் வட்டாரம் ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர். அந்தச் சின்னப் பரப்பில் சிறுத்தைகள் நெருக்கமாக வாழ்கின்றன. அவற்றைத் தேடி வரும் ஜீப்புகள் அதைவிட நெருக்கம். ஒரு சாரதியின் கண்ணில் சிறுத்தை பட்டால் செய்தி பறக்கும். சற்று நேரத்தில் அந்தப் பாதை முழுக்க வாகனம். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நிற்கும் ஜீப்பின் புகைதான் தரிசனம்.

இன்று நான் பேசப்போவது வடமேற்கில் இருக்கும் வில்பத்துவைப் பற்றி. பரப்பு 1,317 சதுர கிலோமீற்றர். நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா இதுதான். 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. யுத்தத்தால் 1988 முடிவில் மூடி, 2003இல் திறந்து, கண்ணிவெடிச் சம்பவத்துக்குப் பின் 2006இல் மறுபடி மூடி, 2010இல்தான் நிலையாகத் திறந்தார்கள். அந்த இருபது வருட இடைவெளியில் சுற்றுலா வியாபாரம் தெற்கே வேரூன்றிவிட்டது. வில்பத்துவில் இன்னும் நெரிசல் குறைவாக இருக்க அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் வில்பத்துவுக்குப் போனால் மட்டும் அமைதி கிடைத்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹுனுவிலகம வாசலில் நின்றால் நான் சொல்வது புரியும். காடு பெரிதென்றாலும் எல்லா வாகனமும் ஒரே வாசலால் நுழைந்து, நடுப்பகுதியிலுள்ள அதே வில்லுகளைத்தான் சுற்றுகின்றன. ஆகவே நாள், நேரம், வாகனம், சாரதி, நிற்கும் இடம் எல்லாவற்றையும் நாம்தான் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் வில்லு என்பது என்ன என்று பார்ப்போம். குளம் வேறு, வில்லு வேறு. குளத்துக்கு அணைக்கட்டு உண்டு, மதகு உண்டு. வில்லு மணற்பாங்கான நிலத்தில் இயற்கையாக அமைந்த பள்ளம்; மழைநீர் தேங்கி நிற்கும். பூங்காவுக்குள் இப்படி அறுபதளவில் இருக்கின்றன. கொக்காரே வில்லு போன்ற சிலவற்றில் தண்ணீர் உப்பு. 2013இல் இந்த ஈரநிலத் தொகுதி, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வடகீழ்ப் பருவ மழையில் நிரம்பும் வில்லு, பங்குனி தாண்டியதும் மெல்ல வற்றத் தொடங்கும். தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் வட்டமாகப் பசும்புல் முளைக்கும். அந்தப் புல்லுக்குப் புள்ளிமான் வரும், மானுக்குப் பின்னால் சிறுத்தை வரும். சிறுத்தை பெரும்பாலும் புல்லுக்குள் இறங்காது. காடும் புல்லும் சந்திக்கும் ஓரத்து நிழலிலேயே நடக்கும். உங்கள் கண் மேய வேண்டியது அந்த ஓரத்தைத்தான், நடுத் தண்ணீரை அல்ல.

போகும் காலத்தைச் சொல்கிறேன். மே கடைசியிலிருந்து ஜூலை வரை மிக நல்லது. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை. தண்ணீர் எங்கும் கிடைப்பதால் விலங்குகள் காட்டுக்குள் சிதறிவிடும், மண்பாதை சேறாகும். பெப்ரவரி, மார்ச்சில் வில்லுகள் நிறைந்து பார்க்க அழகு. பறவைக்குப் போகிறவர்கள் அப்போது போகலாம். சனி, ஞாயிறு, போயா, சித்திரைப் புத்தாண்டு, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. வரட்சி காரணமாக யாலவின் முதலாம் வட்டாரத்தை வழக்கமாக செப்டெம்பரில் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி அப்படியே இங்கே திரும்பும். வில்லுகள் மிகவும் சுருங்கி, விலங்குகள் நன்றாகத் தெரியும் மாதம்தான் அது. ஆனால் அமைதி வேண்டுமென்றால் அது உங்களுக்குரிய மாதம் அல்ல. செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்தது அரைநாளா முழுநாளா என்ற கேள்வி. வில்பத்துவில் அரைநாள் சபாரி வீண்செலவு என்பது என் கருத்து. காரணம் கணக்கில் இருக்கிறது. வாசலிலிருந்து முதல் வில்லுகளுக்குப் போகுமுன் அடர்ந்த காட்டுக்குள் நீண்ட மண்பாதை. கண்ணுக்கு ஏதாவது படவேண்டுமென்றால் மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. போக வர அந்தப் பாதையிலேயே ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழியும். நாலு மணி நேரச் சவாரியில் மிச்சம் என்ன? அந்த மிச்சத்தில் எல்லாம் பார்த்துவிட வேண்டுமென்ற அவதியில்தான் சாரதி விரட்டுகிறார். முழுநாள் என்றால் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம். அரைநாள்காரர்கள் பத்து மணியளவில் வெளியே திரும்பத் தொடங்குவார்கள்; பிற்பகல்காரர்கள் உள்ளே வந்து சேர இரண்டு மணியைத் தாண்டும். இடைப்பட்ட நாலு மணி நேரம் காடு கிட்டத்தட்ட உங்களுடையது. வெயில் கொளுத்தும்தான். ஆனால் அந்த வெயிலில்தான் யானை, மரை, பன்றி எல்லாம் தண்ணீருக்கு வரும்.

இதைவிட நல்ல வழி உள்ளேயே தங்குவது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடுதிகள் மரதன்மடு, பனிக்கர் வில்லு போன்ற இடங்களில் இருக்கின்றன. அரிசி, மரக்கறி, குடிதண்ணீர் எல்லாம் நீங்கள் கொண்டுபோக வேண்டும். காவலாளி சமைத்துத் தருவார். வாசலில் சீட்டு எடுத்து வரும் முதல் ஜீப் உங்களிடம் வந்து சேருமுன் காலையின் அருமையான ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்துவிடும். விடுமுறை நாட்களுக்கு இடம் சீக்கிரமே நிரம்பிவிடுவதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். புத்தளம் பக்கத்திலிருந்து எலுவன்குளம் வழியாகவும் உள்ளே வரலாம். அங்கே கூட்டம் குறைவு. ஆனால் மழை பெய்தால் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலம், அதாவது ஆற்றோடு ஒட்டிய தாழ்வான பாலம், நீரில் மூழ்கும். பள்ளக்கண்டல் அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு யாத்திரிகர்கள் போவதும் இந்தப் பக்கத்தால்தான் என்பது மன்னார், புத்தளம் நேயர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் அமைதியை அங்கே தேடாதீர்கள்.

இனி ஜீப். ஆறு பேர் ஏறலாம் என்பார்கள். நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஆட்கள் கூடக்கூடப் பேச்சும் கூடும், ஒருவர் எழும்ப இன்னொருவருக்கு மறைக்கும். முன்னோக்கிய இருக்கையுள்ள வண்டியைக் கேளுங்கள். பக்கவாட்டு வாங்கில் இருப்பவர் பாதிக் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவார். பின்கதவுச் சங்கிலி, குளிர்ப்பெட்டி, யாக்கு இவை கடகடக்காமல் ஒரு பழந்துணியால் கட்டிவிடுங்கள். பின்னோக்கி எடுக்கும்போது 'பீப் பீப்' என்று கத்தும் கருவி பூட்டியிருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். வில்லுக்கரையில் மான் கூட்டத்தைக் கலைக்க அது ஒன்றே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பற்றரி. எஞ்சினை நிறுத்தச் சொன்னால் சில சாரதிகள் தயங்குவதற்கு முரட்டுத்தனம் காரணமல்ல. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்ற பயம். காட்டுக்குள் இறங்கித் தள்ள முடியாது. ஆகவே முதல் நாள் மாலையே வண்டியைப் பார்த்து, இரண்டு மூன்று தடவை நிறுத்தி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உபரிச் சில்லும் இழுவைக் கயிறும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மணல் தளர்ந்த இடத்தில் சில்லு புதைவது சாதாரணம்.

சாரதியிடம் புறப்படுமுன்பே பேசி முடிக்க வேண்டியவை சில. தொலைபேசியில் தகவல் வந்தாலும் நாங்கள் ஓடமாட்டோம். ஓரிடத்தில் ஏற்கெனவே மூன்று வாகனம் நின்றால் நாங்கள் நிற்காமல் போவோம். சன்மானம் இவ்வளவு, சிறுத்தை கண்டாலும் காணாவிட்டாலும் அது மாறாது. கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்யும். சிறுத்தைக்கு இவ்வளவு, கரடிக்கு இவ்வளவு என்று பேசினால் அவர் விரட்டத்தானே செய்வார்? அது அவருடைய வயிற்றுப்பாடு.

உங்கள் பங்குக்கு ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர், மங்கலான நிறத்தில் உடை, 8x42 அளவுத் தொலைநோக்கி. கமரா வைத்திருப்பவர்கள் முக்காலியை வீட்டில் வையுங்கள். ஜீப்பில் அதை விரிக்க இடமில்லை. சீலைப் பை ஒன்றில் ஒன்றரை, இரண்டு கிலோ பயறு போட்டுத் தைத்து, ஜீப்பின் கம்பிமேல் வைத்து அதில் கமராவைச் சாய்த்தால் அசையாது. திரும்பி வந்து பயறைச் சமைத்தும் சாப்பிடலாம்.

உள்ளே போனபின் பாதையைப் படியுங்கள். மென்மணல் பாதையில் இரவு முழுவதும் சிறுத்தை நடக்கும். முள்ளும் சருகும் இல்லாத நடை அதற்கும் சுகம். இந்தத் தீவின் தரையில் அதைவிடப் பெரிய ஊனுண்ணி இல்லாததால் பகலிலும் அது பயமின்றி வெளியில் வரும். அடிச்சுவடு நேற்றைய ரயர்த் தடத்தின் மேல் பதிந்திருந்தால் அது வாகனங்கள் வெளியேறிய பின் நடந்திருக்கிறது. சுவட்டின் மேல் இலையிலிருந்து சொட்டிய பனித்துளியின் புள்ளிகள் இருந்தால் விடியுமுன் போய்விட்டது. புள்ளியில்லாமல் விளிம்பு கூர்மையாக இருந்தால் அது பக்கத்தில்தான். அப்போது முன்னால் ஓடாதீர்கள். அந்தத் திசையில் உள்ள அடுத்த வில்லுக்குப் போய் எஞ்சினை நிறுத்துங்கள்.

எந்தக் கரையில் நிற்பது? மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் வில்லின் கிழக்குக் கரை: வெயில் உங்கள் முதுகில், காற்று வில்லிலிருந்து உங்கள் முகத்துக்கு. மாலையில்தான் சிக்கல். வெயிலுக்கு மேற்குக் கரை வசதி, ஆனால் உங்கள் வாடையைக் காற்று நேரே விலங்குகளிடம் கொண்டுபோகும். வடகரையில் நின்று தெற்கே பார்ப்பது நடுவழி. ஜீப்புக்குப் பழகிய சிறுத்தை மனித வாடையை அவ்வளவு பொருட்படுத்தாது. கரடியும் யானையும் பொருட்படுத்தும். பாதையை விட்டு வாகனத்தை இறக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே பாதை எந்தக் கரையைத் தொடுகிறதோ அதற்கேற்ற வில்லைத் தெரிவுசெய்ய வேண்டும். நல்ல வழிகாட்டிக்கு இது மனப்பாடம்.

நின்றபின் குறைந்தது ஒன்றரை மணி நேரம் நகராதீர்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும், பலர் அந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். ஜீப்பின் சத்தத்தில் விலகியவை திரும்பி வர அவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு காதைத் தீட்டுங்கள். ஆட்காட்டிக் குருவியை நம்பாதீர்கள், அது எதற்கும் கத்தும். புள்ளிமானின் கீச்சென்ற எச்சரிக்கை நரிக்கும் வரும், சும்மாவும் வரும். ஒரு மான் கத்தி மற்றவை மேய்ந்துகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். வால் நிமிர்ந்து, முன்காலால் நிலத்தைத் தட்டி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் கவனியுங்கள். மரத்தின் மேலிருந்து மந்தி இருமுவது போலக் குரைத்தால், அது பார்க்கும் திசையைப் பாருங்கள். மரை வீணாகக் கத்தாது. அதன் கனத்த குரல் திரும்பத் திரும்பக் கேட்டால் அங்கே சிறுத்தை இருப்பது பெரும்பாலும் நிச்சயம்.

கரடிக்கு வேறு கணக்கு. ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும் காலம். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு உதட்டில் பிசுபிசுக்கும் அந்தப் பழத்தைச் சொல்லத் தேவையில்லை. கரடிக்கும் அதே பைத்தியம்தான். மரமேறியும் தின்னும், உதிர்ந்ததைப் பொறுக்கியும் தின்னும். வில்லைவிட்டு, பழம் உதிர்ந்து கிடக்கும் பாலை மரத்திலிருந்து காற்று உங்கள் பக்கம் வீசும்படி நிற்பதுதான் முறை. கரடிக்குப் பார்வையும் செவியும் மட்டம், மோப்பம் அபாரம்.

மின்னேரியாவில் போலப் பெருங்கூட்டமாக இங்கே யானையைத் தேடாதீர்கள். தனி ஆண்களும் சிறு குழுக்களும்தான், அவையும் கூச்சமுள்ளவை. காது அகல விரிந்து அசையாமல் நின்றால், வால் விறைத்தால், முன்கால் ஆடினால், கன்னத்தில் மதநீர் வழிந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் வண்டியை விடாதீர்கள். மதியச் சாப்பாட்டைக் கும்புக் வில போன்ற, இறங்க அனுமதியுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குரங்குகள் கைப்பையைத் திறக்கப் பழகியிருக்கும். ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள்.

திரும்பும் நேரத்தையும் காலையிலேயே பேசிவிடுங்கள். ஆறு மணிக்கு வாசலைக் கடந்தாக வேண்டும். 30 கிலோமீற்றர் உள்ளே இருந்தால் மணிக்கு 15 என்ற வேகத்தில் இரண்டு மணி நேரம் வேண்டும், அதாவது நாலு மணிக்கே புறப்பட வேண்டும். ஐந்தேகால் வரை நின்றுவிட்டுப் பறக்கும் வண்டிகளின் சில்லில்தான் பாதையில் படுத்திருக்கும் பக்கிக்குருவியும் நட்சத்திர ஆமையும் அரைபடுகின்றன. மாலையிலும் வில்லோரம் இருக்க ஆசைப்படுபவர்கள் மதியத்துக்குப் பின் வாசலுக்குக் கிட்டிய வில்லுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து 10 கிலோமீற்றர் என்றால் ஐந்து மணி வரை தாராளமாக உட்காரலாம்.

நன்றி, வணக்கம்.