ஒக்டோபரில் கப் கொடுப்பதில்லை

வணக்கம் நேயர்களே. போன கிழமை தொகுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஹொக்கி சீசன் தொடங்கிவிட்டது. புள்ளிப்பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்துவீங்களோ?" என்று கேட்டார். சரி என்றேன். வைத்த பிறகுதான் யோசித்தேன்: இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி, முப்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பட்டியலை நம்பி ஏமாந்து வருவதுதான்.

முதல் ஏமாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் ரொறன்ரோ வந்து இறங்கியது 1993 செப்டெம்பரில். அடுத்த மாதம் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்த ஒக்டோபரில் இந்த நகரமே தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஜோ கார்ட்டர் ஒரே அடியில் புளூ ஜேய்ஸுக்கு பேஸ்போல் வேர்ல்ட் சீரிஸ் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். அதே மாதம் இந்த ஊர் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் முதல் பத்து ஆட்டத்தையும் வென்றது. பத்துக்குப் பத்து. அதற்கு முன் NHL என்ற அந்த ஹொக்கி லீக்கில் எந்த அணியும் ஒரு சீசனை அப்படித் தொடங்கியதில்லை. புதிதாக வந்தவன் என்ன நினைப்பான்? இந்த ஊர்க்காரர் தோற்பதே இல்லையாக்கும் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு அறை மேசையில் எப்போதும் ஒரு பேப்பர் கிடக்கும். அதன் விளையாட்டுப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் புள்ளிப்பட்டியல். எங்களோடு ஒரு அண்ணை வேலை செய்தார். 1984இல் வந்தவர். பெயரைச் சொல்லாதே என்று சொல்லியிருப்பதால் அண்ணை என்றே வைத்துக்கொள்வோம். புட்டுப் பெட்டியைத் திறக்க முதல் பேப்பரை விரித்து, சட்டைப் பையிலிருந்து நீலப் பேனையை எடுத்து, பட்டியலில் ஏதோ ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். நான் வெற்றிகளைத்தான் பார்ப்பேன். அவர் வட்டம் போட்டது அதற்கு முன்னால் உள்ள நிரலில், எத்தனை ஆட்டம் விளையாடியிருக்கிறார்கள் என்ற நிரலில்.

லீஃப்ஸ்தான் லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கப்பை வெல்லும் என்று அவரோடு இருபது டொலர் பந்தயம் கட்டினேன். மணிக்கு ஏழு டொலர் சம்பளம் வாங்கிய காலம் அது. அண்ணை சிரித்துக்கொண்டே கை தந்தார். "தம்பி, ஒக்டோபரில கப் குடுக்கிறேல்லை" என்றார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். அதே சீசனில் சான் ஹோசே ஷார்க்ஸ் என்றொரு அணி. லீக்கில் சேர்ந்து மூன்றாவது வருடம். அதற்கு முந்திய சீசனில் 84 ஆட்டத்தில் 71 தோல்வி. இந்த முறையும் முதல் ஒன்பது ஆட்டத்தில் ஒரு வெற்றி கூட இல்லை. எட்டுத் தோல்வி, ஒரு சமநிலை. ஒக்டோபர்ப் பட்டியலில் லீஃப்ஸ் உச்சியில், ஷார்க்ஸ் அடியில். மே மாதம் அந்த இரண்டு அணியும் சீசன் முடிந்தபின் முன்னணி அணிகள் கப்புக்காக மோதும் பிளேயோஃப் இரண்டாம் சுற்றில் நேருக்கு நேர் வந்து நின்றன. மேற்குப் பிரிவில் முதலாம் இடம் பிடித்த டிற்றோயிற்றை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஷார்க்ஸ் வந்திருந்தது.

ஏழு ஆட்டத் தொடரில் ஷார்க்ஸ் மூன்றுக்கு இரண்டு முன்னிலை. ஆறாவது ஆட்டம் ரொறன்ரோவில், மேலதிக நேரத்துக்குப் போனது. ஒரு நிலவறை வீட்டில் ஏழு பேர் ஒரு சின்ன டிவியைச் சுற்றி இருந்தோம். ஷார்க்ஸின் கார்பென்லோவ் அடித்த அடி கோல் கம்பத்தின் மேற்கம்பியில் பட்டுத் தெறித்தது. ஓர் அங்குலம் கீழே போயிருந்தால் கதை முடிந்தது. கொஞ்ச நேரத்தில் மைக் கார்ட்னர் லீஃப்ஸுக்கு கோல் போட்டார். ஏழாவதையும் லீஃப்ஸ் வென்றது. அடுத்த சுற்றில் வன்கூவரிடம் ஐந்தே ஆட்டத்தில் சுருண்டது. இருபது டொலரை எண்ணிக் கொடுத்தேன்.

பத்துக்குப் பத்து வென்ற அந்த லீஃப்ஸ் சீசனை முடித்தபோது 43 வெற்றி, 29 தோல்வி, 12 சமநிலை, 98 புள்ளி. முதல் பத்தைக் கழித்துப் பாருங்கள்: மிச்சம் 74 ஆட்டத்தில் 33 வெற்றிதான். பாதிக்கும் குறைவு.

சரி, இப்போது உங்கள் கைபேசியில் தெரியும் பட்டியலுக்கு வருவோம். அந்தக் காலக் கணக்கு இலகு. வென்றால் இரண்டு, சமநிலை என்றால் ஆளுக்கொன்று, தோற்றால் ஒன்றுமில்லை. இன்றைக்கு சமநிலை என்ற சொல்லே இல்லை, 2005இலிருந்து எடுத்துவிட்டார்கள். அறுபது நிமிடத்தில் முடியாவிட்டால் ஐந்து நிமிடம் மேலதிக நேரம். அதில் பக்கத்துக்கு மூன்று பேர்தான் ஓடுவார்கள். பனித்திடல் வெறிச்சென்று கிடக்கும். ஒருவர் சறுக்கினால் மறுபக்கம் கோல். அதிலும் முடியாவிட்டால் ஒருவர் பின் ஒருவராகக் கோல் காப்பாளரை நேருக்கு நேர் சந்திக்கும் ஷூட்டவுட். வென்றவருக்கு இரண்டு புள்ளி. இங்கேதான் விசேஷம்: இப்படி மேலதிக நேரத்திலோ ஷூட்டவுட்டிலோ தோற்றவருக்கும் ஒரு புள்ளி உண்டு.

2016 ஒக்டோபர் 12. ஓஸ்டன் மத்யூஸ் லீஃப்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டம், ஒட்டாவாவில். பத்தொன்பது வயதுப் பையன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கோல் போட்டுக்கொண்டே போனான். முதல் ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர் இந்த லீக்கின் நவீன காலத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் ஒட்டாவா மேலதிக நேரத்தில் ஐந்துக்கு நான்கு என்று வென்றுவிட்டது. அடுத்த நாள் பட்டியலில் லீஃப்ஸின் பெயருக்கு நேரே வெற்றி பூச்சியம், புள்ளி ஒன்று. அந்த ஒற்றைப் புள்ளிக்குப் பின்னால் இப்படி ஓர் இரவு இருந்ததென்று பட்டியல் சொல்லுமா?

இந்தத் தோல்விப் புள்ளி எனக்குப் பிடிப்பதில்லை. சில ஆட்டத்தில் இரண்டு புள்ளி பங்கிடப்படுகிறது, சில ஆட்டத்தில் மூன்று. ஒரே பண்டத்துக்கு ஒரு நாள் ஒரு விலை, மற்ற நாள் இன்னொரு விலை. கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம் சமமாக இருந்தால், இரண்டு அணியும் முன்னேறாமல் அந்த ஒரு புள்ளியைப் பத்திரப்படுத்திக்கொண்டு உருட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். லீக்கும் இது தெரிந்துதான், இரண்டு அணி சம புள்ளியில் முடித்தால் அறுபது நிமிடத்துக்குள் வென்ற வெற்றிகள் யாருக்கு அதிகம் என்று பார்க்கிறது. பட்டியலில் அதற்கென்று தனி நிரல் இருக்கிறது. பெரும்பாலானோர் கண் அங்கே போவதில்லை. ஷூட்டவுட்டில் வென்று வென்று மேலே வந்த அணியை அந்த நிரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு நிரல், போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம். ஆறு வெற்றி, மூன்று தோல்வி, ஆனால் கோல் வித்தியாசம் மறை மூன்று என்றால் அந்த அணி ஒரு கோலால் வென்று மூன்று கோலால் தோற்கிறது. அதிர்ஷ்டம் ஓடுகிற அளவும் ஓடட்டும் என்று விட்டுவிடுங்கள். இந்த விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்கு இடம் பெரிது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி சுமார் முப்பது தடவை கோலை நோக்கி அடிக்கும். காப்பாளர் பத்தில் ஒன்பதைத் தடுப்பார். யாருடைய காலிலாவது பட்டுத் திசைமாறின ஒரு றப்பர் வட்டு போதும், முடிவு மாறிவிடும். இதைக் கணக்குக்காரர் அளப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நூறு தடவை அடித்தால் எத்தனை கோல் ஆகிறது, தங்கள் காப்பாளர் நூற்றுக்கு எத்தனை தடுக்கிறார், இரண்டையும் கூட்டு. லீக் முழுவதற்கும் கூட்டினால் நூறு வரும். எட்டு ஆட்டம் முடிந்த நிலையில் ஓர் அணிக்கு 105 வருகிறது என்றால், ஜனவரியில் அது இறங்கும் என்று பந்தயம் கட்டலாம். நான் கட்டமாட்டேன், பந்தயம் எனக்கு ராசியில்லை.

இதெல்லாம் ஒரே சீசனில் நடந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் 2018-19ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே வொஷிங்டன் பொஸ்டனை ஏழுக்குப் பூச்சியம் என்று அடித்தது. நவம்பரில் பஃபலோ தொடர்ந்து பத்து ஆட்டம் வென்றது. 25 ஆட்டம் முடிவில் 36 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம். இங்கிருந்து எல்லை தாண்டினால் இரண்டு மணித்தியால ஓட்டம்; என் மச்சான் ஒருவன் போய் நீலச் சட்டையே வாங்கிவிட்டான். அதே நேரம் சென் லூயிஸ் புளூஸ் பயிற்சியாளரைத் துரத்திவிட்டு, அப்படியும் நிமிராமல் தள்ளாடியது. 2019 ஜனவரி 3 காலையில் 31 அணிகளில் 31ஆவது இடம். 37 ஆட்டத்தில் 34 புள்ளி.

அப்புறம் ஜனவரி 7இல் ஜோர்டன் பினிங்டன் என்ற, யாரும் பெரிதாகக் கேள்விப்படாத காப்பாளரை முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார்கள். பிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஒரு கோலும் விடவில்லை. பிறகு தொடர்ந்து பதினொரு ஆட்டம் வென்றார்கள். ஜூன் 12, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். எதிரே நின்றது, முதல் நாள் ஏழு கோல் வாங்கிய அதே பொஸ்டன். நாலுக்கு ஒன்று என்று வென்று, 1967இல் தொடங்கிய அணி தன் முதல் ஸ்டான்லி கப்பைத் தூக்கியது. துரத்தப்பட்டவருக்குப் பதிலாக வந்த பயிற்சியாளர் கிரெய்க் பெரூபே 2024இல் லீஃப்ஸுக்கே வந்து சேர்ந்தார்.

பஃபலோ? 76 புள்ளி. பிளேயோஃபுக்கே போகவில்லை. மச்சானின் சட்டை அலுமாரியில் இருக்கிறது.

எனவே ஒக்டோபர்ப் பட்டியலைத் தூக்கி எறியலாமா என்று கேட்டால், அங்கேதான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். பட்டியல் பொய் சொன்னாலும் அதில் விழுந்த புள்ளி பொய்யில்லை. ஒக்டோபரில் தவறவிட்ட இரண்டு புள்ளியும் ஏப்ரலில் தவறவிடும் இரண்டு புள்ளியும் ஒரே இரண்டுதான். அமெரிக்காவின் தாங்ஸ்கிவிங், அதாவது நவம்பரின் நான்காவது வியாழன் அன்று பிளேயோஃப் இடத்தில் நிற்கும் அணிகளில் நான்கில் மூன்று பங்கு அளவில் கடைசி வரை அங்கேயே நின்றுவிடுகின்றன. எங்கள் கனடா தாங்ஸ்கிவிங் அல்ல, அது ஒக்டோபரிலேயே வந்துவிடும். அன்றைக்கு வான்கோழிக்குப் பதிலாக ஆட்டிறைச்சிக் கறி சமைக்கும் வீடுகளுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

ஏன் ஏறுவது இவ்வளவு கடினம்? அந்தத் தோல்விப் புள்ளிதான் காரணம். பத்து ஆட்டத்தில் நீங்கள் ஆறு வென்று நாலு தோற்றால் 12 புள்ளி. நல்ல ஓட்டம். உங்களுக்கு முன்னால் இருப்பவர் நாலு வென்று, நாலு தோற்று, இரண்டை மேலதிக நேரத்தில் தோற்றால் 10 புள்ளி. சுமாரான ஓட்டம். இருந்தும் நீங்கள் பிடித்தது இரண்டே புள்ளி. எட்டுப் புள்ளி பின்னால் நின்றால் இதே வேகத்தில் நாற்பது ஆட்டம் வேண்டும். நடுவில் வேறு மூன்று அணி இருந்தால் அவர்களையும் தாண்ட வேண்டும்.

அதனால்தான் எட்மன்டன் 2023இல் பொறுக்கவில்லை. நவம்பர் 9இல், அதுவரை ஒரே ஒரு வெற்றி பெற்றிருந்த சான் ஹோசேயிடம் போய்த் தோற்றார்கள். மூன்று நாளில் பயிற்சியாளரை மாற்றினார்கள். அப்போது மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி, மேலதிக நேரத் தோல்வி ஒன்று. பிறகு அந்தக் குழிக்குள்ளிருந்து ஏறுவதற்கு என்ன தேவைப்பட்டது தெரியுமா? தொடர்ந்து பதினாறு வெற்றி. லீக் சாதனைக்கு ஒன்றுதான் குறைவு. எட்மன்டனின் நட்சத்திர வீரர் மக்டேவிட் போல ஒருவர் கையில் இருந்தால் அப்படி ஏறலாம். ஜூன் வரை போய், ஃபுளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று கப்பைக் கோட்டைவிட்டார்கள். மற்ற அணிகளுக்கு மக்டேவிட் இல்லை.

எனக்குத் தந்த நேரம் முடியப் போகிறதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அண்ணை இப்போது ஓய்வுபெற்று மார்க்கம் நகரில் மகளோடு இருக்கிறார். கண் சரியில்லை, பட்டியலை வாசிக்க முடிவதில்லை. ஒவ்வொரு வருடமும் சீசன் தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் நான் தொலைபேசி எடுப்பேன். "அண்ணை, லீஃப்ஸ் மூன்றாம் இடத்தில நிக்குது" என்று உற்சாகமாகத் தொடங்குவேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. தேத்தண்ணி உறிஞ்சுகிற ஒலி மட்டும் கேட்கும். பிறகு கேட்பார்:

"எத்தினை மட்ச் விளையாடியிருக்கிறாங்கள்?"