வெளிச்சத்தை மறைக்கிற கை

நேயர்களுக்கு வணக்கம். சினிமா வெளிச்சத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். லைட்மேன் ஆயிற்றே, பெரிய பெரிய விளக்குகளைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் பேசப்போவது விளக்குக்கு முன்னால் நின்று அதை மறைக்கிற இரும்புக் கையைப் பற்றி. செட்டில் கட்டர் ஸ்டாண்டு என்போம், சி-ஸ்டாண்டு என்றும் சொல்வதுண்டு.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் படப்பிடிப்பு புதிதில்லை. 1947-ல் வந்த 'நாம் இருவர்' படம், தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோவில் எடுத்ததுதான். ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் கானாடுகாத்தான் தெருவில் ஜெனரேட்டர் வண்டி நிற்பதை இன்றைக்கும் பார்க்கிறீர்கள்.

அப்படி ஒரு பெரிய வீட்டில் வேலை. வீட்டு ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தூணில ஆணி கீணி அடிச்சிராதீக" என்று முதலிலேயே உத்தரவு. பர்மா தேக்கு, யாருக்கு மனசு வரும்? கிளாம்பைக்கூட முடுக்கக் கூடாது என்றார்கள். சரி, எல்லாம் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும்.

அங்கே சிக்கல் சுவர். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்த சுவர், முகம் தெரிகிற மாதிரி மின்னும். நடிகர் முகத்துக்கு விளக்கைப் போட்டால் பின்னால் சுவரில் இன்னொரு விளக்கு பளிச்சென்று எரிகிறது. விளக்கைக் குறைத்தால் முகம் போச்சு. அதனால் உள்ளங்கை அளவு கறுப்பு அட்டை ஒன்றை ஸ்டாண்டுக் கம்பியின் முனையில் மாட்டி, விளக்குக்கும் அந்தப் பளபளப்புக்கும் நடுவில் மெல்ல மெல்ல நகர்த்தினோம். ஓர் இடத்தில் சுவர் விளக்கு அணைந்தது. முகம் அப்படியே இருந்தது.

ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "விளக்கையும் போட்டுப்புட்டு அதை மறைக்கவும் செய்றீகளே, எதுக்குத் தம்பி?" என்றார். மறைக்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறோம் ஆச்சி என்றேன். சிரித்துவிட்டு, அட்டையை எடுங்க, மறுபடி வைங்க என்று எங்களை வேலை வாங்கினார். கேமராமேன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார், அது வேறு கதை.

நீளக் கம்பிக் கை எதற்கு, ஸ்டாண்டையே அங்கே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அட்டை விளக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நிழலின் ஓரம் மங்கலாக, குழைந்து விழும். சுவருக்குப் பக்கத்தில் போகப்போக ஓரம் கத்தி வெட்டாகும். வீட்டிலேயே பாருங்கள், குண்டு பல்புக்கும் சுவருக்கும் நடுவில் கையை முன்னே பின்னே கொண்டுபோனால் தெரியும். கத்தி வெட்டு வேண்டுமென்றால் அட்டை உள்ளே போக வேண்டும், ஸ்டாண்டு ஃபிரேமுக்குள் தெரியக் கூடாது. அதற்குத்தான் 40 அங்குலக் கம்பி. அதுவும் எட்டாவிட்டால் அதன் முனையில் இன்னொரு கம்பி, முழங்கைக்கு அடுத்து முழங்கை வைத்த மாதிரி.

இனிமேல் சொல்வதுதான் என் பைத்தியம், புதிதாக வருகிற பையன்களிடம் ஓயாமல் சொல்வது. கம்பியைப் பிடிக்கிற தலையில் இரண்டு வட்டத் தகடுகள், நடுவே ஒரு திருகு. பல் கிடையாது, உரசல்தான் பிடிக்கிறது. கம்பி முனையில் பாரம் தொங்கினால் தகடு சுற்றப் பார்க்கும். எந்தப் பக்கம் சுற்றுகிறது? அதுதான் கேள்வி. ஸ்டாண்டுக்குப் பின்னால், கம்பி நீளுகிற திசையைப் பார்த்து நில்லுங்கள். திருகின் கைப்பிடி உங்கள் வலது கைப்பக்கம் இருந்தால், பாரம் கீழே இழுக்க இழுக்கத் திருகு தானே இறுகும். இடது பக்கம் இருந்தால் பாரமே அதைக் கழற்றிவிடும். வலது பக்கம்! எவ்வளவு பலமாக முடுக்கினாய் என்று கேட்க மாட்டேன், கைப்பிடி எந்தப் பக்கம் என்றுதான் கேட்பேன்.

அதே மாதிரி கால். மூன்று காலில் உயரமான கால் பாரம் நீளுகிற பக்கம் இருக்கட்டும், மணல் மூட்டையை அந்தக் காலில் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் காலுக்கு அடியில் துணியோ விரிப்போ கட்டாயம். திண்ணைப் படியில் நிறுத்த, ஒரு காலை மட்டும் மேலே ஏற்றிக்கொள்கிற ஸ்டாண்டும் இருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். மேஜிக் ஆர்மைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். மூன்று மூட்டு, ஒரே பிடியைத் திருகினால் மூன்றும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காருக்குள்ளே சின்ன விளக்கு வைக்க அதைவிட வசதி இல்லை. இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். ஒன்று மட்டும்: படப்பிடிப்பு பார்க்கப் போனால் ஸ்டாண்டு பக்கம் பார்த்து நடங்கள். கம்பி முனை சரியாகக் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் டென்னிஸ் பந்தோ தெர்மகோல் துண்டோ செருகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கிருக்கிற லைட்மேனிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். வணக்கம்.