குதிரைக்குப் போடும் மயக்க ஊசியை அதே அளவில் காளைக்குப் போட்டால்?

(திரையில்: ஒரு புளிக்குளம் காளை, பக்கத்தில் ஒரு குதிரை)

இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. மயக்க மருந்தும் ஒன்றுதான், சைலசின். ஆனால் குதிரைக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கு போட்டாலே காளை கால் மடக்கிப் படுத்துவிடும். முழு அளவையும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

வணக்கம் மக்களே! இது 1962இல் ஜெர்மனியில் உருவான மருந்து. ஊசி போட்டதும் ரத்தக் குழாய்கள் இறுகி ரத்த அழுத்தம் ஏறும். உடனே இதயம் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் அழுத்தமும் இறங்கும். கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்து இதற்கு நேர்மாறு, துடிப்பை ஏற்றிவிடும்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். நுரையீரல்!

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். தரிசாகக் கிடக்கும் வயலுக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா? நாலு மண்வெட்டி மண்ணை வெட்டிப்போட்டு அந்த மடையை அடைத்துவிட்டு, பயிர் நிற்கும் வயலுக்குத் திருப்புவார்கள். நுரையீரலும் அதையேதான் செய்கிறது. காற்று வராத மூலைக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கி, காற்று வரும் பக்கம் ரத்தத்தைத் திருப்பிவிடும். உடம்பின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் பொதுவாகக் குழாய் விரியும்; இங்கே சுருங்குகிறது! 1946இல் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்ற இருவர் ஸ்வீடனில் பூனைகளிடம் இதைக் காட்டினார்கள். மாட்டுக்கு நுரையீரல் குழாய்ச் சுவரில் தசை அதிகம் என்பதால் மடையை இறுக்கமாகவே அடைக்கும்.

ஹாலோதேன் போல மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்து, மடை பார்ப்பவரையே கண்ணயர வைத்துவிடுகிறது. தரிசுக்கும் தண்ணீர் ஓடும். அந்தப் பக்கம் போன ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பி வரும்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் உழவு மாட்டுக்குக் கொம்பில் புற்று. டாக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி தீனி வச்சீங்களாண்ணே?"

"கொஞ்சம் வைக்கோல் போட்டேன் சார்."

"அப்ப நாளைக்குப் பார்ப்போம்."

எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பெரிய மாட்டின் முதல் வயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும், படுக்க வைத்தால் அது உதரவிதானத்தைத் தள்ளி நுரையீரலை நசுக்கும், தின்றது மேலேறி மூச்சுக் குழாய்க்குள் போகலாம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் வைக்கோல் திணித்த சாக்கைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து, வாய் சரிவாக இருக்கும்படி படுக்க வைத்தார். எச்சில் நூலாக வடிந்து மண் நனைந்தது. அடிக்கடி கீழ் இமையை விரலால் இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

செம்மறி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சைலசினால் செம்மறியின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். யாரோ கொடுத்த பாட்டிலை நம்பி நீங்களே ஊசி போட்டுவிடாதீர்கள். கிடை போடும் சொந்தபந்தங்களுக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள். உங்கள் மாட்டுக்கு எத்தனை மணி நேரம் தீனி நிறுத்தச் சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.