குச்சி ஒடிந்த ராக்கெட்

நேயர்களுக்கு வணக்கம். தீபாவளி அன்று குச்சி ஒடிந்த ராக்கெட்டைக் கொளுத்திப் பார்த்திருக்கிறீர்களா? எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போகும், மாட்டுக் கொட்டகைக்குப் போகும், மாடியில் காயும் புடவைக்குப் போகும். வானத்துக்கு மட்டும் போகாது. மருந்து அதேதான், காகிதக் குழாய் அதேதான். பின்னால் நீண்டு காற்றை வாங்கும் அந்தக் குச்சி ஒன்றுதான் இல்லை. குச்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அதற்குத்தான் வரப்போகிறேன்.

நான் கடலூரில் இயற்பியல் வாத்தியார். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு இருப்பது போல எங்களுக்கும் பிரான்சில் உறவு உண்டு. என் மைத்துனர் லீவுக்கு வந்தபோது பிள்ளைகளுக்காக இரண்டு மாடல் ராக்கெட் பெட்டிகள் கொண்டுவந்தார். நாமே ஒட்டிச் செய்து பறக்கவிடும் சின்ன ராக்கெட் அது. உள்ளே அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, இறக்கை வெட்டுவதற்குப் பால்சா மரத் தகடு, பாராசூட், மடித்து வைத்த செய்முறைத் தாள் எல்லாம் இருந்தன. ராக்கெட்டை மேலே தள்ளும் மருந்துக் குழாயான மோட்டார் மட்டும் இல்லை. அதில் வெடிமருந்து இருப்பதால் விமானப் பயணியின் பெட்டியில் வர முடியாது. ஆக, செய்முறைத் தாளில் பாதி எங்களுக்கு உதவாமல் போயிற்று.

அதற்காகப் பெட்டியைப் பரணில் போட முடியுமா? கடையில் பிவிசி பைப்பும், அதை வளைத்து இணைக்க ஒரு எல்போவும் வாங்கினோம். காலியான 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்து, அதன் வாயில் பைப்பைச் செருகி, காற்று கசியாமல் டேப் சுற்றினோம். பைப்பின் மறுமுனையை வானம் பார்க்கத் திருப்பி, அதன் மேல் ராக்கெட்டைத் தொப்பி போல மாட்டினோம். பாட்டில் மேல் ஓங்கி ஒரு மிதி. அவ்வளவுதான்.

முதல் மிதியில் மூக்கு மட்டும் பறந்தது. குழாய் பைப்பிலேயே நின்றது. பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. நான் தாளை எடுத்து மறுபடி படித்தேன். மூக்கை ஒட்டக்கூடாது, கையால் இழுத்தால் வரும்படி இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. மோட்டார் எரிந்து முடிந்து சில வினாடி கழித்து முன்பக்கமாக ஒரு சின்ன வெடிப்பு நடக்கும். அதுதான் மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே எடுக்கும். அதற்காகத்தான் அந்தத் தளர்வு. எங்களிடம் அந்த வெடிப்பே கிடையாதே! மூக்கை ஒட்டினோம். பாராசூட் இல்லாமல் தலைகுப்புறத்தான் இறங்கும் என்பதால் நுனியில் ஸ்பாஞ்சு வைத்தோம். நான் சொல்ல வந்ததே இதுதான். தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு, அப்புறம் வரியை மாற்றுங்கள்.

தெரிந்துகொள்ளாமல் மாற்றியதும் உண்டு. ஒரு மாணவன் இறக்கைகளை இரண்டு மடங்கு பெரிதாக வெட்டினான். பார்க்க அத்தனை அழகு. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மாலை நான்கு மணிக்குப் போனோம், நல்ல கடற்காற்று. ராக்கெட் நேராகக் கிளம்பியது, பனைமர உயரத்தில் கிழக்கே தலையைத் திருப்பியது, அலைக்குள் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. காற்று கரைப்பக்கம் தள்ளுகிறது, ராக்கெட் கடலுக்குப் போகிறது. "ஏன் சார்?" என்று பையன் கேட்கிறான். வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்: "வாத்தியாரே, நங்கூரம் போட்ட படகைப் பாரு. காத்து எங்கேருந்து வருதோ, அங்கதான் மூஞ்சி வைக்கும்."

எவ்வளவு சரியான பேச்சு! வால்பக்கம் காற்றுப் பிடிக்கும் பரப்பு கூடக்கூட, ராக்கெட் காற்றின் முகத்துக்கே திரும்பும். பின்னால் மோட்டாரின் எடையும் இல்லாததால் எங்கள் ராக்கெட்டின் கனமெல்லாம் முன்னால் இருந்தது. அதனால் இன்னும் வேகமாகத் திரும்பியது. தீபாவளி ராக்கெட்டில் குச்சி செய்யும் வேலையைத்தான் இங்கே இறக்கை செய்கிறது. குச்சி இல்லாவிட்டால் தறிகெட்டுப் போகும், குச்சி அதிகமானால் காற்றைத் தேடிப் போகும். அன்றிலிருந்து காற்று அடங்கிய விடியற்காலையில்தான் போகிறோம்.

இறக்கை வெட்டும்போது மரத்தின் நாரோட்டத்தைப் பாருங்கள். குழாயிலிருந்து வெளிப்பக்கமாக நார் ஓட வேண்டும். குழாயோடு சேர்ந்து ஓடினால், விழுந்த முதல் தடவையே அப்பளம் போல உடையும்.

மாற்றங்கள் செய்த பிறகு ஒரு சோதனை. ராக்கெட் படுத்தவாக்கில் சமமாகத் தொங்கும் இடத்தில் நூலைக் கட்டி, வயலில் குருவி விரட்டக் கவண் சுழற்றுவோமே, அதுபோலத் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் பறக்கவிடலாம். குட்டிக்கரணம் அடித்தால் மூக்குக்குள் கொஞ்சம் எம்சீல் அடைத்து மறுபடி சுழற்றுங்கள். இதைச் செய்யாமல் ஒரு ராக்கெட்டைக்கூட மாட்டாதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். 1954-இல் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர்தான் சகோதரர் ராபர்ட்டுக்காக முதல் மாடல் ராக்கெட்டைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்த பொழுதுபோக்கின் அடிப்படையே, மோட்டார் தயாராக வரவேண்டும், பிள்ளைகள் மருந்தைத் தொடக்கூடாது என்பதுதான். பட்டாசைப் பிரித்து மருந்தைக் குழாயில் அடைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பெற்றோர்களே, வீட்டில் அதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். காலால் மிதித்தாலே போதும், நன்றாகப் பறக்கிறது.

பாராசூட்டுக்கென்று தனியாக எழுதி வந்திருந்தேன், அதற்கு நேரமில்லை. மோட்டாரோடு பாராசூட் வைத்துப் பறக்கவிடுபவர்கள் அதன் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை போடுங்கள், ஊசலாடாமல் இறங்கும். வணக்கம்.